காத்திருக்காத கள், காத்திருந்த சாராயம்

பனம்பாளையைச் சீவியதும் கசியும் சாறு முட்டிக்குள் சொட்டும்போதே மாறத் தொடங்கிவிடுகிறது. மாலையில் கட்டிய முட்டியை விடியலில் இறக்கினால் உள்ளே இருப்பது நுரைத்த கள். பொழுது சாய்வதற்குள் அதன் இனிப்புப் போய்ப் புளிப்பு ஏறும். மறுநாள் அது காடி. இவ்வளவு விரைவாகப் பிறந்து இவ்வளவு விரைவாகக் கெடும் மது உலகில் குறைவு. இலங்கையின் கரையோரத் தமிழ் ஊர்களில் கள்ளைச் சுற்றி வளர்ந்த தொழில், வரி, சட்டம், வணிகம் அனைத்துக்கும் அடியில் இந்த விரைவு இருக்கிறது. கள்ளை ஏன் சாராயமாகக் காய்ச்சினார்கள், அரசுகள் ஏன் அதைக் குத்தகைக்கு விட்டன, கள் விற்கும் தவறணை ஏன் மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று கேட்டுப் போனால், ஒரு நாளுக்குள் கெட்டுவிடும் சாறு என்ற இடத்தில்தான் விடை கிடைக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலியின் ஒரு கிளை அதில் வந்து கலக்கிறது. குடாவின் தென்கரையில் மூதூர். அதற்குக் கிழக்கே சம்பூர். அங்கிருந்து தெற்கு நோக்கி ஈச்சிலம்பற்று, வெருகல் வரை போகும் கரையை அடுத்து வயலும் சிறு குளங்களும் பற்றைக்காடும் மணல்வெளியும் மாறி மாறி வரும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை கொட்டித் தீர்க்கும். அதன்பின் பல மாத வறட்சி. நெல்லுக்குக் குளத்து நீர் வேண்டும், தென்னைக்கு வளவில் கிணறு வேண்டும். பனை எதையும் கேட்பதில்லை. மழையில்லாத அந்த மாதங்களே அது பாளை விடும் காலமும். தையை ஒட்டித் தொடங்கும் சீவல் ஆடி வரை நீளும். தென்னை ஆண்டு முழுவதும் சாறு தரும். பனங்கள்ளுக்குப் பருவம் உண்டு.

சீவல் தொழிலின் நுட்பம் வெட்டுவதைக் காட்டிலும் பழக்குவதில் இருக்கிறது. ஆண்பனையின் விரியாத பாளையை ஓலை நாரால் கட்டி, இரு கட்டைகளுக்கு இடையில் வைத்து மெல்ல நெரித்து, சில நாள் விட்டுப் பிறகே நுனியைச் சீவ வேண்டும். அதிகம் நெரித்தால் பாளை கருகும். போதாமல் நெரித்தால் சாறு இறங்காது. ஊறத் தொடங்கிய பாளையை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைந்துவிடும். ஆகவே பருவம் முடியும்வரை சீவல் தொழிலாளிக்கு ஓய்வு நாள் கிடையாது. காலில் தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, தோளில் முட்டி என்று காலையும் மாலையும் ஏறி இறங்குவார். ஒரு மரம் 60 அடியைத் தாண்டும். ஒருவர் பல மரங்களைப் பார்ப்பார். பனைத் தண்டு சொரசொரப்பானது. அதைக் கட்டிப் பிடித்து ஏறி ஏறி மார்பிலும் முன்கையிலும் தோல் காய்த்துப் போயிருக்கும். மழைத் தூறலில் வழுக்கி விழுந்து உயிர்விட்டவர்களும் முதுகெலும்பு முறிந்தவர்களும் இத்தொழில் நடந்த எந்த ஊரிலும் உண்டு.

புதிதாக வடியும் பனஞ்சாற்றில் பத்துக்கு மேற்பட்ட விழுக்காடு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் நேற்றைய கள் ஊறிய முட்டியின் சுவரிலும் நொதி நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. சக்கரோமைசிஸ் என்னும் ஈஸ்ட் முக்கியமானது. சைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் அதே வேலையைச் செய்யும். இவை சர்க்கரையை உண்டு மதுசாரத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. அதே நேரத்தில் வேறு வகைப் பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்குகின்றன. கிழக்குக் கரையின் வெப்பத்தில் இதெல்லாம் சில மணி நேரத்தில் நடந்து முடிகிறது. விடியலில் இறக்கிய முட்டிக்குள் பார்த்தால் பால்போல் கலங்கிய நீரின்மேல் வெள்ளை நுரை எழும்பி நிற்கும், தேனீக்கள் மிதக்கும், காதைக் கிட்டக் கொண்டுபோனால் மெல்லிய இரைச்சல் கேட்கும். பன்னாடையில் வடித்துப் பனையோலைப் பிளாவில் ஊற்றியதும் நாக்கில் சுரீர் என்று ஏறுவது அந்த வாயுதான். மதுசாரம் ஏறத்தாழ 5 விழுக்காடு. அதன்பின் காடிப் பாக்டீரியாக்களின் முறை வருகிறது. அவை மதுசாரத்தையே புளிங்காடியாக்கிவிடும்.

இந்த ஓட்டத்தை நிறுத்தத் தமிழர் கண்ட பழைய வழி சுண்ணாம்பு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் நுண்ணுயிர்கள் வளர முடியாது. சாறு இனிப்பாகவே இறங்கும். யாழ்ப்பாணத்தார் அதைக் கருப்பநீர் என்பார்கள், தமிழ்நாட்டார் பதநீர் என்பார்கள். காய்ச்சினால் பனங்கட்டி. கள்ளின் நொதியை வேண்டி நின்ற இடமும் உண்டு. அப்பத்துக்கு மாக் குழைத்து இரவில் கள்ளு விட்டு மூடிவைத்தால் காலையில் மா பொங்கி நிற்கும். ஈஸ்ட் பொட்டலம் கடைக்கு வருமுன் இலங்கையில் அப்பச் சட்டியின் பின்னால் ஒரு மரமேறி இருந்தார். அடக்கி இனிப்பாக வைக்கவும் தெரிந்திருந்தார்கள், தூண்டிப் பொங்கவைக்கவும் தெரிந்திருந்தார்கள். நுரைத்த நிலையில் நிறுத்திவைப்பதற்குத்தான் வழி இல்லை.

அந்த வழி வேறொரு நிலத்தில், குளிர்ந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. வட பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் திராட்சை மெதுவாகக் கனியும்; சர்க்கரை குறைவு, புளிப்பு அதிகம். இலையுதிர் காலத்தில் பிழிந்த மது பனிக்காலக் குளிரில் பாதியில் நொதித்தல் நின்று, வசந்தத்தில் மறுபடி பொங்கும். மெல்லிய போத்தலானால் வெடிக்கும். கரி எரித்து உருக்கிய தடித்த கண்ணாடிப் போத்தல் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வந்தது, தக்கையும் வந்தது. 1662இல் கிறிஸ்டோபர் மெரெட் என்னும் மருத்துவர் இலண்டன் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரை, மது வணிகர் வேண்டுமென்றே சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதைக் குறிப்பிடுகிறது. அதற்குப் பின்னும் சிக்கல் தீரவில்லை. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் நிலவறைகளில் போத்தல்கள் வெடித்தன. உள்ளே போனவர்கள் இரும்பு முகமூடி அணிந்து போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளிக்கோ நிறுவனம் போத்தலைத் தலைகீழாகச் சாய்த்துத் திருப்பி அடிமண்டியைக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறையைக் கண்டது. இன்று ஒரு ஷாம்பெய்ன் போத்தலுக்குள் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் உண்டு. ஒரே ஆண்டின் அறுவடையில் ஆன, அந்த ஆண்டின் பெயரைத் தாங்கிய ஷாம்பெய்ன் குறைந்தது 3 ஆண்டுகள் நிலவறையில் கிடந்தாக வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்தின் தென்கரையில் சசெக்ஸ், கென்ட் பகுதிகளின் சுண்ணக்கல் நிலமும் ஆஸ்திரேலியாவின் தென்முனைத் தீவான தாஸ்மேனியாவும் இன்று அதே முறையில் ஆண்டுப் பெயரிட்ட நுரை மது செய்கின்றன. சசெக்ஸில் நைட்டிம்பர் தோட்டத்துத் திராட்சை நடப்பட்டது 1988இல். இந்த நிலங்கள் எல்லாவற்றுக்கும் பொது அம்சம் குளிர். 10 முதல் 12 பாகை வரை குளிர்ந்த நிலவறையில்தான் நுரையும் முதுமையும் ஒரே போத்தலுக்குள் அடங்கும். திருகோணமலையின் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 28 பாகை. அங்கே இந்த இரண்டும் பிரிந்தே போயின: நுரை கள்ளுக்கு, முதுமை சாராயத்துக்கு.

மதுவை முதிரவைக்கும் எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. மலைபடுகடாம் மூங்கிற் குழாயில் இட்டு முதிரவைத்த தேன் தேறலைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடும்போது யவனர் கலத்தில் கொணர்ந்த மதுவைச் சொல்கிறார். 1945இல் மோர்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தது அதற்குப் பொருத்தமான மண்சான்று. ஆனால் அவை மன்னர் அவைக்கும் மலைநாட்டுக்கும் உரிய மதுக்கள். கரையோரத்தின் அன்றாடப் பானம் மரத்துக் கள்ளாகவே இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ அரிசியையும் பாலையும் இறைச்சியையும் சொல்லிவிட்டு, இங்குள்ளவர் மரத்திலிருந்து எடுக்கும் மதுவைக் குடிப்பதையும் குறித்து வைத்தார்.

கொட்டியாரக் குடா ஐரோப்பிய எழுத்தில் பெயர் பெற்றது மதுவால் அன்று, மரத்தால். 1659 நவம்பரில் சோழமண்டலக் கரையில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல், புதிய பாய்மரம் நாட்டிக்கொள்ள இந்தக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவரது மகன் ராபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துப் போனார்கள். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அது நடந்ததாக நினைவுக்கல் சொல்கிறது. தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். மலைநாட்டுக் கித்துள் மரத்தின் சாற்றை அவர் அந்நூலில் விரிவாகச் சொல்கிறார்: இனிப்பானது, உடலுக்கு நல்லது, காய்ச்சினால் கருப்பட்டி. கொட்டியாரில் பிடிபட்ட ஓர் ஆங்கிலேயன் இலங்கையின் மரச்சாற்றை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டிருந்த அதே தலைமுறையில், அவன் நாட்டார் போத்தலுக்குள் நுரையை அடைக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். இந்தியப் பெருங்கடலின் துறைமுகங்களில் போர்த்துக்கேயர் வரும்போதே இத்தொழில் இருந்தது. வடிசாலையும் அவசரத்தில்தான் ஓடியது: மரத்திலிருந்து இறங்கிய கள் ஒரு நாளுக்குள் கொப்பரைக்குப் போகாவிட்டால் மதுசாரம் காடியாகி நட்டம். ஆனால் ஒருமுறை வடித்துவிட்டால் பிறகு காலம் அதை ஒன்றும் செய்யாது. கடல்வழி வணிகத்துக்கும் கப்பற் படைக்கும் வேண்டியது அந்தப் பண்புதான். ஒல்லாந்தர் இலங்கையின் தென்மேற்குக் கரையில் தென்னையைப் பெருக்கினார்கள். களுத்துறை, பாணந்துறைப் பகுதியின் தென்னஞ்சாராயம் பெரும் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. மரத்துக்கு மரம் கயிறு கட்டி அதன்மேல் நடந்து கள் சேர்க்கும் வழக்கம் அந்தக் கரைக்கே உரியது. வடக்கிலும் கிழக்கிலும் அப்படிக் கயிற்றில் நடப்பதில்லை. ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்கினார்கள். உழைப்பும் கூடுதல், சாறும் பருவத்துக்கு மட்டுமே. கிழக்குக் கரை பெரும் சாராய நாடாக வளராததற்கு இதுவே போதிய காரணம்.

ஆனால் அந்தச் சாராயம் முதிர்ந்த பீப்பாய்க்கும் திருகோணமலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் தமிழில் சவண்டலை, சமண்டலை என்றும் சொல்லப்படும் மரம் இலங்கையின் வறண்ட காடுகளில் வளர்வது. உறுதியும் வளையும் தன்மையும் ஒருங்கே உடையது. ஆங்கில வணிகத்தில் அதற்கு வழங்கிய பெயர் ‘திருகோணமலை மரம்’. இந்தத் துறைமுகத்திலிருந்து அது மதராஸுக்குப் போயிற்று. அங்கே துறைமுகம் கட்டப்படாத காலத்தில், அலையை மீறிக் கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஆளையும் சரக்கையும் கொண்டுபோன மசூலா படகுகள் இம்மரத்தால் ஆனவை. அதே மரம் சாராயப் பீப்பாய்களுக்கும் பெருந்தொட்டிகளுக்கும் உகந்ததாக இருந்தது. கசியாது, சாராயத்தில் கசப்பு ஏற்றாது, காலப்போக்கில் மென்மையும் பொன்னிறமும் தரும். பிரான்ஸில் ஓக் செய்யும் வேலையை இலங்கையில் செய்தது இந்த மரம். வடித்த சாராயம் இத்தகைய தொட்டிகளில் சில மாதங்களிலிருந்து 15 ஆண்டுகள் வரையும் கிடக்கும். வெப்ப நாட்டில் மரத்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகும் அளவு அதிகம். நீண்ட காலம் வைத்திருப்பவர் ஒரு பங்கை வெறுங்காற்றுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். பழைய சாராயம் விலை கூடியிருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

திருகோணமலைத் துறைமுகத்தின் மீது வல்லரசுகளுக்கு இருந்த ஆசை உலகம் அறிந்தது. 1782இல் மட்டும் அது இரு முறை கைமாறியது: சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பறித்தார். 1795இல் ஆங்கிலேயர் மறுபடி கைப்பற்றி, 1957 வரை கடற்படைத் தளமாக வைத்திருந்தார்கள். ஆங்கிலக் கடற்படையில் மாலுமிக்கு நாள்தோறும் மதுப் பங்கீடு விதிப்படி உண்டு. பியர் வெப்பக் கடலில் புளித்துப் போகும்; மேற்கிந்தியத் தீவுகளில் ரம் கொடுத்தார்கள்; கிழக்கிந்தியக் கடல்களில் அந்த இடத்தைச் சாராயம் எடுத்துக்கொண்டது. 1824 வரை பங்கீட்டு அளவு நாளுக்கு அரைப் பைந்து, தண்ணீர் கலந்து. கெடாத மது என்ற ஒரே தகுதியால் கரையோரத் தென்னை, உலகின் மிகப் பெரிய கடற்படையின் உணவுப் பட்டியலில் இடம்பிடித்தது.

கெடாத பண்டத்துக்கு வரி விதிப்பது எளிது. அளக்கலாம், பூட்டலாம், கணக்கெழுதலாம். பிரித்தானிய ஆட்சி 19ஆம் நூற்றாண்டு முழுவதும் சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டது. பகுதி பகுதியாக ஏலம். எடுத்தவருக்கு அப்பகுதியில் தனியுரிமை. அரச வருவாயில் இது மிகப் பெரிய இனங்களில் ஒன்று. ஏலம் எடுத்தவர்களும் கொழித்தார்கள். மொறட்டுவையின் ஜெரோனிஸ் சொய்சா கண்டிப் பகுதிக் குத்தகையிலும் கோப்பியிலும் சேர்த்த செல்வத்தை அவரது மகன் சார்ல்ஸ் ஹென்றி டி சொய்சா பல மடங்காக்கினார். கொழும்பின் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனை 1879இல் அவரது கொடையால் எழுந்தது. இலங்கை முதலாளித்துவத்தின் பிறப்பைச் சாராயக் குத்தகையை விட்டுவிட்டு எழுத முடியாது. குமாரி ஜயவர்தன தம் ஆய்வில் இதை விரிவாகவே நிறுவியிருக்கிறார். அந்தச் செல்வத்தின் அடியில் கயிற்றில் நடந்தவரும் மரத்தில் ஏறியவரும் இருந்தார்கள். அவர்கள் கைக்கு வந்தது நாட்கூலி.

குத்தகை முறையில் கள்ளுக்கு நேர்ந்த கதி வேறு. ஒருவர் தன் வளவு மரத்தில் தானே இறக்கிக் குடிக்கும் கள், குத்தகைக்காரரின் சாராய விற்பனைக்குப் போட்டி. அனுமதியின்றி மரம் சீவுவது ஆகவே குற்றமாயிற்று. ஏழையின் மெல்லிய பானம் தடைப்பட்டு, கடும் சாராயம் தவறணையில் தாராளமாகக் கிடைத்தது. நூறாண்டு நீண்ட இந்த அநீதிக்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை, வருவாய்க் கணக்கு மட்டுமே இருந்தது. 1912இல் வந்த மதுவரிக் கட்டளைச் சட்டம், சென்னை மாகாண முறையைத் தழுவிக் கள்ளையும் சாராயத்தையும் பிரித்தது. கள்ளுக்குத் தனி உரிமம், தனித் தவறணை. அரசு சொன்ன காரணம், மெல்லிய மது கிடைத்தால் கடுமது குறையும் என்பது. மக்கள் கண்டது, ஊருக்கு ஊர் புதிய கள்ளுத் தவறணை திறந்ததை. 1904இல் எழுந்து அடங்கியிருந்த மதுவிலக்கு இயக்கம் 1912இல் பெருந்திரளாக மீண்டது. எஃப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க சகோதரர்கள் பொது வாழ்வில் முன்னுக்கு வந்தது இதில்தான். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது அரசு அவர்களைச் சிறையிட்டதும் இந்தப் பின்னணியில்தான். வடக்கில் அமெரிக்க மிஷன் காலத்திலிருந்தே மதுவிலக்குப் பிரசாரம் இருந்தது. ஊர் மக்களே வாக்களித்துத் தவறணையை மூடும் உரிமை வந்தபின் யாழ்ப்பாணத்தில் பல தவறணைகள் மூடப்பட்டன.

தவறணையை மூடினாலும் பாளை ஊறுவது நிற்பதில்லை. தமிழ்ப் பகுதிகளில் இதற்கு மாற்றாக வந்தது மரவரி. சீவல் தொழிலாளி சீவும் மரத்துக்கு வரி கட்டி, அதன் கள்ளைத் தானே விற்கலாம். மரத்தடியிலோ கள்ளுக்கொட்டிலிலோ முட்டியிலிருந்து நேரே பிளாவுக்கு ஊற்றி விற்ற காலம் அது. நுரை அடங்குமுன் குடித்து முடிக்கும் இந்த ஏற்பாடு பானத்தின் இயல்புக்கு மிகப் பொருந்தியது. தொழிலாளிக்கு அது முழு விடுதலை தரவில்லை. மரம் வேறொருவருடையது, குத்தகையாகக் காசோ கள்ளோ கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் சாதியோடு கட்டப்பட்டிருந்தது. அவர்கள் இறக்கிய கள்ளைக் குடித்தவர்களே அவர்களைக் கோயிலுக்கும் தேநீர்க்கடைக்கும் வெளியே நிறுத்தினார்கள். 1960களின் தேநீர்க்கடைப் போராட்டங்களிலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் நுழைவுப் போராட்டத்திலும் முன்னின்றவர்களில் மரமேறிக் குடும்பத்தார் பலர்.

1972இல் அரசு மரவரியை ஒழித்துத் தவறணை முறையைக் கொண்டுவந்தது. கூடவே பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. தொழிலாளர் சங்கத்துக்குக் கள் கொடுப்பார்கள். சங்கம் தவறணையில் விற்று லிட்டர்க் கணக்கில் பணம் கொடுக்கும். தனியாளின் தயவிலிருந்து தொழிலைப் பிரித்தெடுத்த முதல் முறை என்ற வகையில் இதன் சிறப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. பருவத்தில் மிஞ்சும் கள்ளை வடிக்க வடமராட்சியில் திக்கம் வடிசாலை 1980களில் எழுந்தது. தென்னஞ்சாராயத்துக்கு நூற்றாண்டுகளாக இருந்த வாய்ப்பு பனங்கள்ளுக்கு அப்போதுதான் ஓரளவு கிட்டியது. போர் அதையும் பல ஆண்டுகள் முடக்கியது.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் கதை எதிர்த்திசையில் போயிற்று. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார்; இடையில் தளர்ந்தும் இறுகியும் வந்த சட்டம் 1987இலிருந்து கள்ளுக்கு முழுத் தடையாக நிற்கிறது. அங்கே பனையேறிக்குச் சட்டம் விட்டுவைத்தது பதநீர் மட்டுமே.

யாழ்ப்பாணச் சங்கங்கள் எடுத்த அடுத்த முயற்சி போத்தல் கள். ஷாம்பெய்ன்காரருக்கு இருந்த அதே தொல்லை இங்கும் முதலில் வந்தது: நொதியோடு அடைத்தால் வாயு ஏறி மூடி தெறிக்கும், போத்தல் உடையும். அங்கே தடித்த கண்ணாடியாலும் குளிராலும் நொதியை உயிரோடு உள்ளே வைத்துக் காத்தார்கள். இங்கே வேறு வழி எடுத்தார்கள். வடித்த கள்ளைப் போத்தலில் அடைத்து வெந்நீரில் சூடாக்கி, 1860களில் லூயி பாஸ்தர் மதுவுக்காகவே கண்ட முறைப்படி, நொதியைக் கொன்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கள் மாதக்கணக்கில் கெடாது. கப்பலேறிக் கனடா, பிரித்தானியா முதலிய புலம்பெயர் நாடுகளின் தமிழ்க் கடைகளுக்குப் போகிறது. ஆனால் காலையில் இறக்கிய கள்ளின் இரைச்சலும் சுரீரென்ற ஏற்றமும் அதில் இராது. நொதித்துக்கொண்டிருப்பதே கள்ளின் சுவை. நொதி செத்தபின் எஞ்சுவது அதன் நிறமும் மணமும் கொஞ்சம் புளிப்பும். குடித்துப் பழகியவர்கள் இதை முதல் மடக்கிலேயே சொல்லிவிடுவார்கள். தொழிலாளிக்கு அது தரும் வருமானத்தை நினைத்தால் போத்தல் கள் வேண்டியதே. நுரையையும் காக்கும் முறை ஒன்று இன்னும் தேடப்பட வேண்டியிருக்கிறது.

கொட்டியாரக் கரையில் தொழிலின் தொடர்ச்சியை அறுத்தது சந்தையும் இல்லை, சட்டமும் இல்லை; போர். 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பகுதியில் குண்டுவீச்சும் ஷெல்லடியும் தொடங்கின. சனம் ஈச்சிலம்பற்று, வெருகல் வழியாக மட்டக்களப்புப் பக்கம் ஓடியது. செப்டெம்பர் 4ஆம் திகதி இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. பிறகு ஊரின் நிலம் உயர்பாதுகாப்பு வலயம், அனல்மின் நிலையம், கடற்படை முகாம் என்று பங்கிடப்பட்டு, மக்கள் பல ஆண்டுகள் கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் இருந்தார்கள். 2015இலும் 2016இலும் நிலம் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு மீள்குடியேற்றம் நடந்தது. அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே அமையும் சூரிய மின் நிலையத்துக்கான தொடக்க விழா நடந்தது. ஆள் இல்லாத ஊரில் பாளை சீவவும் ஆள் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் எல்லாப் படைகளும் காவலரணுக்குப் பனங்குற்றியை வெட்டின.

தென்னை நட்டால் ஐந்தாறு ஆண்டில் பாளை தள்ளும். பனை அப்படியன்று, விதை ஊன்றிப் பாளை வர 12 முதல் 15 ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும். மீள்குடியேறிய 2016இல் சம்பூர் மணலில் விதை ஊன்றியவர் இருந்தால், அந்த வடலி மரமாகிச் சீவ முதற் பாளை தருவது 2030ஐ ஒட்டித்தான்.